மாத்திரையோடு கூட வர வேண்டியது: மனநல மருத்துவர்களுக்கு ஒரு மருந்தாளுநரின் திறந்த மடல்

தமிழ்நாட்டின் மனநல மருத்துவர்களுக்கும், அந்தப் படிப்பைப் படித்துக்கொண்டிருக்கும் இளம் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில், சாத்தூரை ஒட்டிய ஒரு ஊரில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். டி.ஃபார்ம் முடித்துக் கவுண்டரில் நிற்கத் தொடங்கி 22 வருடம் ஆகிறது. நீங்கள் எழுதும் சீட்டை உங்களுக்கு அடுத்தபடியாக வாசிப்பவன் நான். உங்களிடம் கேட்கக் கூச்சப்பட்டு விழுங்கிய கேள்விகளை நோயாளிகள் என்னிடம் கேட்கிறார்கள். அப்படி வந்த ஒரு கேள்வியில் இருந்து தொடங்குகிறேன்.

போன ஆடி மாதம், ராத்திரி ஒன்பது மணி இருக்கும். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு அக்கா, மதுரையில் டாக்டரைப் பார்த்துவிட்டு, பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்தார். சீட்டில் காலைக்கு மனச்சோர்வு மாத்திரையான எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராம், ராத்திரிக்குப் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் குளோனாஸிபாம் அரை மில்லிகிராம், ஒரு மாதத்துக்கு எழுதியிருந்தது. கையில் இருந்த காசுக்குப் பத்து நாள் மாத்திரை போதும் என்றார். அட்டையை வெட்டிக் கவரில் போடும்போது, பக்கத்தில் யாரும் நிற்கவில்லையே என்று பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, இது எதுக்குள்ள மாத்திரை?"

"டாக்டர் என்னக்கா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை. தூக்கம் வருதான்னு கேட்டாரு. வரலைன்னேன். எழுதிட்டாரு. வெளிய உக்காந்திருந்தவங்க நரம்பு மாத்திரைன்னு சொன்னாங்க."

கடையை அடைக்கிற நேரம். "காலையில சாப்பிட்டுட்டுப் போடுங்க, இதை ராத்திரி படுக்கும்போது போடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நானும் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறாவது நாள் காலையில் கவரோடு திரும்பி வந்தார். வயிற்றைப் பிரட்டுகிறது, தலை கிறுகிறுக்கிறது, மனசு அப்படியேதான் கிடக்கிறது என்றார். "எனக்கு ஒத்துக்கலை அண்ணாச்சி, மிச்சத்தை எடுத்துக்கோங்க" என்று காலை மாத்திரை ஐந்தைக் கண்ணாடி மேல் வைத்தார்.

அந்த ஐந்து மாத்திரைகளை என்னால் மறக்க முடியவில்லை. முதல் வாரம் குமட்டும், பிறகு பெரும்பாலும் அடங்கிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மனசு தெளிய இரண்டிலிருந்து நான்கு வாரம் பிடிக்கும் என்பதும் தெரியும். அந்த அக்காவுக்கு மட்டும் தெரியாது. மருந்து படுத்தும் நாட்களை முழுக்கத் தாங்கிவிட்டு, அது கொடுக்கப்போகும் நாட்கள் வருவதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார். படித்த இரண்டு பேர் கையைத் தாண்டி அந்தச் சீட்டு போயிருக்கிறது. இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு ராத்திரிகளில் உட்கார்ந்து இந்த மருந்துகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்கத் திரும்பத் திரும்ப ஒரே விஷயம் வந்து நின்றது. பார்க்க மாத்திரை மாதிரியே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது; அதைப் பிளாசிபோ என்கிறார்கள். தமிழில் மருந்துப்போலி. சிலர் இதைப் 'போலி மருந்து' என்று எழுதிவிடுகிறார்கள். எங்கள் தொழிலில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு; அது டிரக் இன்ஸ்பெக்டர் வந்து கடைக்குச் சீல் வைக்கிற குற்றம். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா நடத்திய போலி நினைவிருக்கிறதா? அறம் என்பது அறன் என்று வரும், பந்தல் என்பது பந்தர் என்று வரும். எழுத்து மாறி நிற்கும், பொருள் மாறாது. மருந்துப்போலியில் இருக்கும் போலி அந்த இலக்கணப் போலிக்குத்தான் பக்கம் என்று எனக்குப் படுகிறது. மருந்து இருக்க வேண்டிய இடத்தில் மாவு நிற்கிறது. ஆனாலும் ஆளுக்குக் குணம் தெரிகிறது.

மனச்சோர்வில் அந்தக் குணம் கொஞ்சநஞ்சம் இல்லை. இர்விங் கிர்ஷ் என்ற உளவியல் ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2008ல் வெளியிட்ட கணக்கை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். இந்த மடலை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒருமுறை சொல்கிறேன். மருந்துக் கம்பெனிகள் அனுமதி வாங்குவதற்காக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திடம் கொடுத்த விவரங்களில் இருந்து, சிலருக்கு மருந்தும் சிலருக்கு மருந்துப்போலியும் கொடுத்து ஒப்பிட்ட 35 சோதனைகளை எடுத்தார்கள். மொத்தம் 5,133 பேர். மாக்ஸ் ஹாமில்டன் 1960ல் வகுத்த அளவுகோல் ஒன்று இருக்கிறது: தூக்கம், பசி, குற்ற உணர்வு, வேலையில் நாட்டம் என்று 17 கேள்வி, அதிகபட்சம் 52 புள்ளி; புள்ளி கூடினால் சோர்வு கூடுதல். மருந்து சாப்பிட்டவர்களுக்கு அதில் சராசரியாக 9.6 புள்ளி இறங்கியது. மருந்துப்போலி சாப்பிட்டவர்களுக்கு 7.8 இறங்கியது. நடுவில் இருக்கும் வித்தியாசம் 1.8.

அதே 2008ல் எரிக் டர்னர் குழு இன்னொன்றைக் காட்டியது. 12 மருந்துகளுக்காகப் பதிவான 74 சோதனைகளில், மருந்து வென்றதாக அந்த நிர்வாகம் ஏற்றுக்கொண்டவை 38. அவற்றில் 37 பத்திரிகைகளில் அச்சாகிவிட்டன. மீதி 36ல் 22 அச்சாகவே இல்லை. 11ஐ வெற்றி மாதிரித் தோன்றும்படி எழுதிவிட்டார்கள். என் கடைக்கு வரும் மருந்துக் கம்பெனி ரெப் உங்கள் மேசையிலும் பளபளப்பான தாள்களை வைத்துவிட்டுப் போகிறார். அந்தத் தாள்களில் இந்த 22 வராது.

சரி, இதை மட்டும் வாசித்துவிட்டு ஒருவர் என்ன முடிவுக்கு வருவார்? "அப்போ மாத்திரை எல்லாம் சும்மா. எல்லாம் நம்பிக்கைதான்." இப்படிப் பேசிய ஒரு வீடியோவை என் சித்தப்பா மகன் செல்போனில் பார்த்தான். ஒன்றரை வருடமாக வென்லாஃபாக்ஸின் என்ற மனச்சோர்வு மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன். அன்றைக்கே நிறுத்தினான். மூன்றாம் நாள் தலைக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று போன் பண்ணினான். எழுந்து நிற்க முடியவில்லை, வேர்த்து ஊற்றுகிறது, காரணம் இல்லாமல் அழுகை வருகிறது என்றான். அவனை மறுபடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். இன்று நன்றாக இருக்கிறான். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் எதுவும் நடந்திருக்கலாம். வெறும் மாவை நிறுத்தினால் இந்த அளவுக்குப் படுத்தாது.

மருந்துக்கு மருந்தின் வேலை இருக்கிறது. 2018ல் ஆண்ட்ரியா சிப்ரியானி குழு 522 சோதனைகளையும் 1,16,477 பேரையும் சேர்த்துப் பார்த்தது. எடுத்துக்கொண்ட 21 மருந்துகளும் மருந்துப்போலியை விட மேலாகத்தான் நின்றன. 2022ல் மார்க் ஸ்டோன் குழு 1979 முதல் 2016 வரையிலான 232 சோதனைகளில் ஒவ்வொரு நோயாளியின் கணக்கையும் தனித்தனியாக எடுத்தது. சராசரி வித்தியாசம் அங்கேயும் இரண்டு புள்ளிக்கு உள்ளேதான். ஆனால் அந்தச் சராசரிக்குள் ஒன்று ஒளிந்திருந்தது: 100 பேரில் ஏறக்குறைய 15 பேருக்கு, மருந்துப்போலியால் கிடைத்திருக்காத பெரிய குணம் மருந்தால் கிடைத்திருக்கிறது. நோய் முற்றியவர்களில் மருந்தின் பங்கு கூடுதல் என்றும் வேறு ஆய்வுகள் சொல்கின்றன. அந்தப் 15 பேர் யார் என்று சீட்டு எழுதும்போது உங்களுக்கும் தெரியாது, மாத்திரை கொடுக்கும்போது எனக்கும் தெரியாது. அதனால் இந்த மடலை வாசிக்கும் நோயாளி யாராவது இருந்தால், தயவுசெய்து ஒரு மாத்திரையைக் கூட நீங்களாக நிறுத்தாதீர்கள், குறைக்காதீர்கள். உங்கள் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

இப்போது நான் உங்களிடம் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்த 7.8 எங்கிருந்து வந்தது?

அதில் ஒரு பகுதி காலம் செய்த வேலை. மனச்சோர்வு ஏறும், இறங்கும். ஆள் ரொம்ப மோசமாக இருக்கிற நேரத்தில்தான் சோதனைக்கே வந்து சேர்கிறார்; எதுவும் கொடுக்காவிட்டாலும் பலருக்குக் கொஞ்சம் தணியும். அதைக் கழித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் கழித்தபின் மிஞ்சுவதை வெறும் நினைப்பு என்று தள்ளவும் முடியாது. பல் பிடுங்கியவர்களுக்கு மருந்துப்போலியால் குறைந்த வலி, உடம்பின் சொந்த வலிநிவாரணியைத் தடுக்கும் நலோக்ஸோன் கொடுத்ததும் திரும்பி வந்தது என்று 1978லேயே எழுதிவிட்டார்கள். மனச்சோர்வில் ஹெலன் மேபெர்க் 2002ல் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார். மருந்துப்போலியால் தேறியவர்களின் மூளையில், ஃப்ளூவாக்ஸடின் என்ற மனச்சோர்வு மருந்தால் தேறியவர்களிடம் கண்ட மாற்றங்களில் ஒரு பகுதி அப்படியே இருந்தது. மருந்து சாப்பிட்டவர்களிடம் அதற்கு மேலும் சில மாற்றங்கள் இருந்தன.

மாவுக்கு இந்தச் சக்தி இல்லை. அப்படியானால் அந்த மாவோடு சேர்த்து வேறு என்ன கொடுத்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். தேடியதில் கிடைத்த ஒரு பழைய சோதனையில்தான் என் மனசு நின்றுவிட்டது.

அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் 1980களில் நடத்திய பெரிய மனச்சோர்வுச் சோதனை அது. ஒரு பிரிவினருக்கு இமிப்ரமின். இன்றைக்கும் என் அலமாரியில் இருக்கும் பழைய மருந்து. இன்னொரு பிரிவினருக்கு அதே மாதிரி தோன்றும் மருந்துப்போலி. இரண்டு பிரிவினரையும் மனநல மருத்துவர்கள் வாரம் ஒருமுறை பார்த்தார்கள். முதல் சந்திப்பு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். அதன்பின் ஒவ்வொரு வாரமும் 20 முதல் 30 நிமிடம். இப்படி 16 வாரம். எப்படித் தூங்கினீர்கள், சாப்பாடு இறங்குகிறதா, மாத்திரை ஏதாவது படுத்துகிறதா, வேலைக்குப் போக முடிகிறதா என்று ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்கிறார், எழுதிக்கொள்கிறார், போன வாரம் சொன்னதை இந்த வாரம் ஞாபகம் வைத்துக் கேட்கிறார். இதெல்லாம் மருந்து கிடைக்காத பிரிவுக்குக் கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் சேர்த்துக்கொண்ட பிரிவுக்கு.

தீப்பெட்டி ஆபீஸ் அக்காவை நினைத்துப் பாருங்கள். அவருக்கு அசல் மருந்து கிடைத்தது, சரியான அளவில் கிடைத்தது. ஆனால் அங்கே மாவு உருண்டை வாங்கியவருக்குக் கிடைத்த கவனிப்பில் இருபதில் ஒரு பங்கு கூட அவருக்குக் கிடைக்கவில்லை. சோதனையில் மருந்து காட்டிய 9.6ஐ நம்பி நாம் சீட்டு எழுதுகிறோம், மாத்திரை கொடுக்கிறோம். அந்த 9.6க்குள் கவனிப்பும் சேர்ந்துதான் இருக்கிறது. அதைக் கழித்துவிட்டு மாத்திரையை மட்டும் கவரில் போட்டுக் கொடுத்தால், சோதனையில் நிரூபித்த சிகிச்சையை நாம் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அந்தச் சோதனையின் விவரங்களை 2006ல் மெக்கே, இமெல், வாம்போல்ட் என்ற மூவர் மறுபடி எடுத்து வேறொரு கேள்வி கேட்டார்கள். 9 மனநல மருத்துவர்கள், 112 நோயாளிகள். ஒவ்வொரு மருத்துவரும் இமிப்ரமினும் கொடுத்திருக்கிறார், மருந்துப்போலியும் கொடுத்திருக்கிறார். எது யாருக்குப் போகிறது என்று அவருக்கே தெரியாது. நோயாளிக்கு நோயாளி குணத்தில் இருந்த ஏற்றத்தாழ்வில் மருந்தா மருந்துப்போலியா என்பது விளக்கியது 3.4%. எந்த மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார் என்பது விளக்கியது 9.1%. நல்ல பலன் கண்ட மருத்துவர்களிடம் வெறும் மருந்துப்போலி வாங்கியவர்கள், பலன் குறைந்த மருத்துவர்களிடம் அசல் இமிப்ரமின் வாங்கியவர்களை விட நன்றாகத் தேறியிருந்தார்கள்.

சின்ன ஆய்வு, 9 பேர்தான், இதை வைத்து உலகத்தையே அளக்க முடியாது என்று நீங்கள் சொல்லலாம். ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் என் கவுண்டரில் நின்று பார்த்தால் இந்தக் கணக்கு எனக்குப் புதிதாகப் படவில்லை. ஒரே மருந்து, ஒரே அளவு. சில டாக்டர்களின் சீட்டு மாதாமாதம் தவறாமல் திரும்பி வரும், சில டாக்டர்களின் சீட்டு ஒரே தடவையோடு நின்றுவிடும். 22 வருடமாகப் பார்க்கிறேன்.

கவனிப்பு என்றதும் மணிக்கணக்காக உட்கார வேண்டும் என்று பயப்பட வேண்டாம். உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியாதது இல்லை. இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர் கூட இல்லை. 2015-16ல் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனச்சோர்வு உள்ளவர்களில் 100க்கு 85 பேர் சிகிச்சைக்கே வந்து சேரவில்லை என்று தெரிந்தது. வருகிற கூட்டத்தையே பார்த்து முடிக்க முடியாதவரிடம் ஒவ்வொருவருக்கும் அரை மணி ஒதுக்குங்கள் என்று கேட்க எனக்கு வாய் வராது. ஆனால் அந்த வேலையை முழுக்க நீங்களே செய்ய வேண்டும் என்றும் இல்லை. கோவாவில் விக்ரம் படேலும் மற்றவர்களும் நடத்திய சோதனை 2017ல் லான்செட் மருத்துவப் பத்திரிகையில் வந்தது. மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டு தடவை பேச வைத்தார்கள். மூன்று மாதத்தில் அவர்களில் 64% பேர் தேறினார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39%. அவர்கள் செய்தது மருந்துப்போலி இல்லை, முறைப்படி வகுத்த பேச்சுச் சிகிச்சை. இருந்தாலும் நம் மாவட்ட மனநலத் திட்டத்தில் உளவியலாளரும் சமூகப் பணியாளரும் இருக்கிறார்கள். அவர்களைப் பதிவேடு நிரப்பும் வேலையில் இருந்து எழுப்பி, முதல் மாதச் சீட்டு வாங்கியவர்களோடு பேச விட்டால் எவ்வளவோ நடக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம்பிக்கை குணப்படுத்துகிற மாதிரியே, பயம் நோயாக்கும். அமெரிக்காவில் மனச்சோர்வு மருந்துச் சோதனை ஒன்றில் சேர்ந்த 26 வயது இளைஞர், மனம் வெறுத்து, கையில் இருந்த 29 மாத்திரைகளையும் ஒரே நேரத்தில் விழுங்கிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ரத்த அழுத்தம் சரிந்திருந்தது, நாடி வேகமாக அடித்தது, உடம்பு நடுங்கியது. சோதனை நடத்தியவர்களைக் கேட்டபோதுதான் அவருக்குக் கொடுத்தது மருந்துப்போலி என்று தெரிந்தது. அதை அவரிடம் சொன்னதும் கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. 2007ல் மருத்துவப் பத்திரிகையில் வந்த விவரம் இது.

என் கடையில் இதன் சின்ன உருவத்தை வாரம் ஒரு தடவை பார்க்கிறேன். கேட்ட கம்பெனி மாத்திரை இல்லை, அதே மருந்து வேறு கம்பெனியில் இருக்கிறது. ஒரு பெரியவர், ரிட்டயர்டு வாத்தியார், வெள்ளை மாத்திரை இளஞ்சிவப்பாக மாறியதும் மூன்று நாள் தூங்கவில்லை. "அது ஒரிஜினல் இல்ல தம்பி" என்றார். நியூசிலாந்தில் 2007ல் தைராய்டு மாத்திரை ஒன்றின் தயாரிப்பு இடமும் நிறமும் சைஸும் மாறியபோது ஒரு நாடே இப்படித் தவித்தது. அதற்கு முந்தைய 30 வருடத்தில் வந்த பக்கவிளைவுப் புகார்கள் 14. மாற்றத்துக்குப் பின் ஒன்றரை வருடத்தில் 1,400க்கு மேல். உள்ளே இருந்த மருந்து அதேதான். வாத்தியாரிடம் இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பின்னால் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரை அவரையே வாசிக்கச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார். அடுத்த தடவை வந்தபோது நிறத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

நான் சர்க்கரை மாத்திரை கொடுக்கச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதைக் கண்டு கோபப்படுகிறவன் நான். ஒரு காலேஜ் பிள்ளை, படிப்பு ஓடவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று ஒரு பொது மருத்துவரிடம் போயிருக்கிறாள். பி காம்ப்ளெக்ஸும் ஒரு ஊசியும். "மூளைக்குத் தெம்பு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நான்கு மாதம் அந்தச் சீட்டைக் கொண்டு வந்து என்னிடம் வாங்கினாள். ஐந்தாவது மாதம் அவள் அம்மா வந்து, பிள்ளை காலேஜையே விட்டுவிட்டாள் என்று அழுதார். ஏமாற்றிக் கொடுப்பது ஒருநாள் தெரிந்துபோகும். அன்றைக்கு அசல் மருந்தின் மேல் இருக்கும் நம்பிக்கையும் சேர்ந்து போய்விடும். இது மருந்துப்போலிதான் என்று சொல்லியே கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகளை டெட் கப்சுக் 2010ல் குடல் நோய் ஒன்றில் நடத்தினார், பலனும் கண்டார். மனச்சோர்வில் அதை நம்பி மருந்தை ஒதுக்குகிற அளவுக்கு இன்னும் எதுவும் வரவில்லை. நமக்கு அது தேவையும் இல்லை. நம்மிடம் வேலை செய்கிற மருந்து இருக்கிறது. அதோடு உண்மையைச் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

அந்த அக்கா கதையை முடிக்கவில்லையே. ஐந்து மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனவர், பிறகு அரசு ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒருநாள் வரும் மனநல மருத்துவரிடம் போயிருக்கிறார். இளம் டாக்டர். அவரும் அதே எஸ்சிடலோபிராம்தான் எழுதினார், பாதி மாத்திரையில் தொடங்கி. அவர் பேசியதை அக்கா என்னிடம் அப்படியே ஒப்பித்தார்: "இது மனச்சோர்வுன்னு ஒரு நோய்மா, உங்க தப்பு இல்ல. முதல் வாரம் வயித்தப் பிரட்டும், பத்து நாள்ல அடங்கிரும். ரெண்டு வாரம் ஒண்ணும் தெரியாது, பயந்துராதீங்க. முதல்ல தூக்கம் வரும், அப்புறம் பசி வரும், மனசு கடைசியிலதான் வரும். ரெண்டாவது வியாழக்கிழமை நான் இங்கதான் இருப்பேன், வந்து காட்டுங்க." எண்ணிப் பார்த்தேன், இதைச் சொல்ல ஒரு நிமிடம் கூட ஆகாது. இரண்டாவது வியாழக்கிழமை அக்கா போனார். தீபாவளிக்கு முந்தின வாரம் மாத்திரை வாங்க வந்தபோது, "இப்பல்லாம் குழம்புல உப்புக் குறைஞ்சா தெரியுது அண்ணாச்சி" என்றார். அவரைத் தேற்றியது மருந்தா, பேச்சா, நாளாக ஆகத் தானாகத் தணிந்ததா என்று ஒரு ஆளை வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் முதல் தடவை ஆறு நாளில் திரும்பி வந்த மாத்திரை, இரண்டாம் தடவை திரும்பி வரவில்லை. அது என் கண்ணால் பார்த்தது.

உங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். நோயின் பெயரைச் சொல்லுங்கள். மாத்திரை முதலில் என்ன படுத்தும், எப்போது கேட்கும் என்று சொல்லுங்கள். முதல் சீட்டு எழுதும்போது ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்று விட்டுவிடாமல், இரண்டாவது வாரமே ஒருமுறை வரச் சொல்லுங்கள், அல்லது உங்கள் ஆள் யாரையாவது போன் பண்ணச் சொல்லுங்கள். கம்பெனி மாறினாலும் மருந்து ஒன்றுதான் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் என் வேலையும் சுலபமாகும். கற்றுக்கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள், மாணவர்கள் சீட்டு எழுதுவதைப் பார்ப்பதோடு, எழுதியபின் அவர்கள் நோயாளியிடம் என்ன பேசுகிறார்கள் என்பதையும் பக்கத்தில் நின்று கேளுங்கள். அதற்கும் மதிப்பெண் போடுங்கள்.

என் பங்குக்கு ஒன்று செய்திருக்கிறேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு தாள் அச்சடித்து, மனச்சோர்வு மாத்திரை வாங்குகிறவர்களிடம் கேட்டுக்கொண்டு, கவருக்குள் மடித்து வைக்கிறேன். வெளியில் எதுவும் தெரியாது. அதில் இருப்பது இவ்வளவுதான்:

"இது உங்கள் டாக்டர் மனச்சோர்வுக்காக எழுதிய மாத்திரை. முதல் வாரம் வயிறு பிரட்டலாம், தலை வலிக்கலாம். பெரும்பாலும் தானாக அடங்கும். குணம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூட ஆகலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம். உயிரை விடலாமா என்ற நினைப்பு வந்தால், அதிகமானால், உடனே டாக்டரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்த நேரமும் கூப்பிடுங்கள். டாக்டரை மறுபடி பார்க்க வேண்டிய நாள்: ..............."

கடைசி வரியை என்னால் நிரப்ப முடியாது. மேலே உள்ளதில் தப்பு இருந்தாலோ, விட்டுப்போனது இருந்தாலோ எழுதுங்கள். அடுத்த கட்டு அச்சுக்குப் போவதற்குள் திருத்திவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
சாத்தூர் வட்டம், விருதுநகர் மாவட்டம்